வயல்கள் அரண்மனைக்கு வந்த கதை

ஆறுகளை மனிதர்கள் பரிசலில் மட்டுமே கடந்துகொண்டிருந்த முன்னொரு காலத்தில், பரிதிவேள் என்ற மன்னர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். சிம்மாசனத்தில் அமர்ந்தால் கால் ஆடும். எழுந்தால் நடை. அமைச்சர்கள் அவர் பின்னாலேயே நடந்துதான் நாட்டு விவகாரங்களைப் பேசி முடிப்பார்கள். மனதில் ஒன்று தோன்றினால் அதை அந்த நிமிடமே சொல்லிவிடுவார். சொன்னதை எக்காரணம் கொண்டும் மாற்றமாட்டார். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் வந்த வினைதான் இது.

அந்த அவையில் சாத்தையன் என்றொரு விகடகவி இருந்தான். உப்பு வண்டி ஓட்டியவரின் மகன். நெட்டையான உடம்பு, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் வாய். நடந்துகொண்டே இருக்கும் மன்னரைச் சிரிக்க வைத்துச் சற்று நேரமாவது நிற்க வைப்பவன் அவன் ஒருவன்தான். அதனாலேயே மற்றவர்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவர்களில் முதல் ஆள் வல்லபராயர். அரசாங்கக் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது.

வல்லபராயர் திருடர் அல்லர். ஒரு பிடி நெல்லைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் களஞ்சியத்தின் தானியக் குதிர்கள் வாய்வரை நிரம்பி நிற்பதைப் பார்ப்பதில்தான் அவருக்கு உயிர். யாராவது ஒரு மரக்கால் தானியம் கேட்டு வந்தால் தன் உடம்பிலிருந்து சதையை அறுத்துக் கேட்டதுபோல முகம் சுருங்கிவிடும்.

அந்த நாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வானம் பொய்த்தது. விதைக்கென்று வைத்திருந்ததையும் குடியானவர்கள் இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். தீனி போட வழியில்லாமல் உழவு மாடுகளை விற்றார்கள். வாய்க்கால்களில் மண் மேவி முள் முளைத்தது. மூன்றாம் ஆண்டு ஆடியில் எவரும் எதிர்பாராமல் மழை கொட்டியது. நிலம் ஊறிக் குளிர்ந்து கிடந்தது. ஆனால் விதைக்க ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

பல ஊர்க்காரர்களும் ஓடிவந்து அரண்மனை வாசலில் கூடினார்கள். மேல்மாடத்தில் உலாவிக்கொண்டிருந்த மன்னர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். விவரம் தெரிந்ததும் படிகளில் தடதடவென்று இறங்கி வந்து அங்கேயே ஆணையிட்டார்.

"என் கால் எவருடைய மண்ணில் படுகிறதோ, அவருக்கு விதையும் ஏர்மாடும் கொடுக்கப்படும். அவர் ஊர் வாய்க்கால் தூர்வாரப்படும். யாரோ சொல்வதைக் கேட்டு நான் எதையும் செய்யப்போவதில்லை. நானே வந்து மிதித்துப் பார்த்துக் கொடுப்பேன்."

அன்றே ஊர் ஊராகப் பறையறைந்து சொல்லியாயிற்று. வல்லபராயருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மன்னர் நடக்கத் தொடங்கினால் எங்கே நிற்பார் என்பது யாருக்கும் தெரியாதே. களஞ்சியம் காலியாகிவிடும். அவர் நாளும் கோளும் பார்க்கும் அரண்மனைக் கணிதர் வீட்டுக்குப் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்.

மறுநாள் கணிதர் ராஜமாதாவிடம் சென்று, இந்த ஆடி முடியும்வரை மன்னர் கோட்டை மதிலைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். அந்த அம்மாள் அழுத அழுகையில் மன்னர், "ஆடி கழியும்வரை மதிலைத் தாண்டமாட்டேன், உங்கள் மீது ஆணை" என்று தாயின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

அதோடு மன்னர் இரண்டு வாக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். வெளியே போக முடியாது. போகாமல் விதை கொடுக்கவும் முடியாது. உள்முற்றத்தின் கல்தரையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். வெயில் ஏற ஏற நடையும் வேகமாயிற்று.

"சாத்தையா, ஏதாவது சொல்" என்றார்.

"மன்னா, தங்கள் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பலாமே. அவை மண்ணில் பட்டால் தாங்கள் மிதித்த மாதிரிதானே?"

வல்லபராயர் கைகட்டி முன்னால் வந்தார். "மன்னர் மன்னவா, ஆணையில் கால் என்றுதான் இருக்கிறது. பாதுகை என்ற சொல்லே இல்லை. இன்று ஒரு சொல்லை மாற்றினால் நாளை தங்கள் எந்த ஆணையையும் எவரும் வளைக்கலாம்."

மன்னர் பல்லைக் கடித்தார். "அதுவும் சரிதான்."

"ஆனால் சாத்தையன் கூர்மையான புத்தி உள்ளவர்" என்று வல்லபராயர் தொடர்ந்தார். "தங்கள் சொல் ஒன்றும் மாறாமல், தாங்கள் மதிலையும் தாண்டாமல், குடிமக்களுக்கு விதை கிடைக்க ஒரு வழி காணும் பொறுப்பை அவரிடமே விடலாம். அதைச் செய்ய இயலாவிட்டால் விகடத்துக்கு இந்த அவையில் என்ன வேலை இருக்கிறது?"

மன்னருக்கு அப்போது யாராவது எதையாவது செய்தால் போதும் என்றிருந்தது. "அப்படியே ஆகட்டும். ஆடிக்குள் வழி கண்டுபிடி, சாத்தையா. இல்லையென்றால் இனி அவைக்கு வராதே" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முகம் வாடியது. ஆனால் அவர்தான் சொன்னதை மாற்றாதவர் ஆயிற்றே.

சாத்தையனுக்கு முதன்முறையாக வாயில் மெல்ல எதுவும் பிடிக்கவில்லை. அரண்மனைக்குள் இருக்கவும் முடியவில்லை. வாசலுக்குப் போனான். அங்கே ஊர்க்காரர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. ஒருவர் எழுந்து மேற்கே பார்ப்பார், உட்கார்வார். இன்னொருவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று துண்டை உயர்த்திப் பார்ப்பார்.

ஆவுடையாள் என்ற பெண் அவனை நிறுத்தினாள். கணவன் இறந்த பிறகு தானே நிலத்தைப் பார்த்து வந்தவள். முழங்கால்வரை கறுப்பு மண் அப்பியிருந்தது.

"ஐயா, உள்ளாற இருந்துதான வாறீக. ராசா எப்பக் கெளம்புவாரு?"

"கிளம்பணும்" என்றான் சாத்தையன். 

"சட்டுனு கெளம்பச் சொல்லுங்கய்யா. எங்க பக்கம் மேல்மண்ணு காய ஆரம்பிச்சிருச்சு. அடியில மட்டும் ஈரம் இருக்கு. இன்னும் நாலு வெயிலு சுள்ளுனு அடிச்சா அதுவும் போயிரும். அப்பறம் நீங்க பொன்னையே வெதையாக் குடுத்தாலும் மொளைக்காது." அவள் குரல் கெஞ்சவில்லை. அவசரப்பட்டது. "இந்தத் தடவையும் தரிசாக் கெடந்தா நான் நெலத்த வித்துட்டு எங்கயாச்சும் போவ வேண்டியதுதான். வாங்கத்தான் ஆளு காத்துக்கிட்டு இருக்கே."

பேசிக்கொண்டே அவள் இரண்டு அடி உள்ளே வந்துவிட்டாள். காலில் காய்ந்திருந்த மண் வாசல் கல்லில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வாயிற்காவலன் கோலை நீட்டி அதட்டினான்.

"ஏ, வெளிய நில்லு. ஒன் வயலையே தூக்கிட்டு வந்து அரண்மனைக்குள்ள கொட்டுற."

அவள் சட்டென்று பின்வாங்கினாள். சாத்தையன் மட்டும் நகரவில்லை. தரையில் உதிர்ந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காவலனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். காவலனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அம்மா" என்றான் சாத்தையன் மெதுவாக, "உன் நிலத்திலிருந்து ஒரு கூடை மண் எடுத்து வா. எல்லாரையும் எடுத்து வரச் சொல். ஒவ்வொருவர் மண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரும் கூட வர வேண்டும், இது இன்னாருடைய மண்தான் என்று சொல்ல. இப்போதைக்கு யார் கேட்டாலும், மன்னர் நடக்கத் தரைக்கு மண் போடுகிறோம் என்று சொல்லுங்கள்."

"மண்ணுதானய்யா. அதுக்கென்ன பஞ்சம்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். காரணம்கூடக் கேட்கவில்லை.

சாத்தையன் மன்னரிடம் போனான். அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். "மன்னா, கல்தரையில் இப்படி நடந்தால் குதிகால் வெடித்துவிடும். முற்றத்தில் கொஞ்சம் மண் பரப்பட்டுமா? வெறுங்காலோடு நடந்தால் உடம்பின் சூடும் இறங்கும்."

"பரப்பு, பரப்பு. ஏதாவது செய்" என்றார் மன்னர் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வல்லபராயர் காதுக்குச் செய்தி போயிற்று. அவருக்குச் சிரிப்பு வந்தது. வழி காணாமல் சாத்தையன் மன்னரின் பாதத்தைக் குளிரவைத்துத் தயவு தேடப் பார்க்கிறான் என்று நினைத்தார். தாராளமாக, "பாவம், தூரத்து ஊர்களிலிருந்து எப்படிச் சுமப்பார்கள்? நம் களஞ்சிய வண்டிகளை அனுப்பிவையுங்கள்" என்று ஆட்களிடம் சொன்னார். அவர் வாழ்நாளில் கேட்காமலே கொடுத்த உதவி அது ஒன்றுதான்.

அந்த வண்டிகள் போனதால்தான் எல்லைப்புறத்து ஊர்களின் மண்ணும் வந்து சேர முடிந்தது.

உள்முற்றம் விரிந்த இடம். சுவர் ஓரமாகத் தொடங்கி வளைந்து வளைந்து கூடை கூடையாக மண் கொட்டப்பட்டது. ஒவ்வொன்றையும் பாய் விரித்த அளவுக்குப் பரப்பி, மண்ணுக்கு உரியவர் தலைமாட்டில் நின்றார். கரிசல், செம்மண், வெளிறிய மணற்பாங்கு, ஆற்று வண்டல் எல்லாம் அடுத்தடுத்துக் கிடந்தன. முற்றம் முழுவதும் மழை பெய்த வாசனை எழுந்தது.

மன்னர் பாதுகைகளைக் கழற்றிவிட்டு இறங்கினார். முதல் ஆள் மண்ணை மிதித்துக் கடந்தார், இரண்டாவதையும் மிதித்துக் கடந்தார். மூன்றாவதில் அவர் நடை தானாகத் தளர்ந்தது. குனிந்து பார்த்தார்.

"இது ஏன் காலை விடமாட்டேன் என்கிறது?"

"கரிசலுங்க, ராசா" என்றாள் ஆவுடையாள். "ஈரம் இருந்தா பிடிச்சுக்கிடும். காஞ்சா வெடிச்சிரும், ஒங்க கை போற அளவுக்கு வெடிக்கும். இப்ப இருக்க பதத்துல சோளம் வெதைச்சா கண்ணைப் பறிக்கும்."

"விதைக்க வேண்டியதுதானே?"

"எதை வெதைக்க?"

மன்னர் கரிசலிலிருந்து காலைப் பிடுங்கினார். அடுத்த மண்ணுக்குப் போனார். அது வெள்ளையாகப் பூத்திருந்தது. பாதத்தில் சுரீரென்று அரித்தது. அதன் தலைமாட்டில் நின்ற கிழவர், "உவர் ஏறிப்போச்சு மகராசா. வாய்க்கா தண்ணி வந்து அலசுனாத்தான் உவரு போகும். வாய்க்கா தூந்து கெடக்கு" என்றார். அதற்கடுத்தவர் தன் மண்ணில் கூழாங்கல் அதிகம், ஆனால் கம்பு வரும் என்றார். இப்படியே மன்னர் ஒவ்வொரு மண்ணிலும் நின்று, கேட்டு, நகர்ந்தார். அவ்வளவு பேரிடம் அவ்வளவு நேரம் அவர் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

கடைசி மண்ணிலிருந்து அவர் காலை எடுத்ததும் சாத்தையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினான்.

"மன்னா, ஆணை நிறைவேறியது. தங்கள் கால் இவர்கள் எல்லாருடைய மண்ணிலும் பட்டுவிட்டது. தாங்கள் மதிலையும் தாண்டவில்லை. களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லுங்கள்."

மன்னர் தன் பாதங்களைப் பார்த்தார். கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடே அதில் ஒட்டியிருந்தது. அவர் உதட்டோரம் துடித்தது. ஆனால் அதற்குள் வல்லபராயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"இது செல்லாது, மன்னர் மன்னவா. இந்த மண் கோட்டைக்குள் வந்த நொடியே அரண்மனை மண் ஆகிவிட்டது. அரண்மனைக்குள் இருப்பதெல்லாம் தங்களுடையது. தாங்கள் மிதித்தது தங்கள் மண்ணைத்தான்."

 ஆவுடையாள் சாத்தையனைப் பார்த்தாள்.

சாத்தையன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டான். "வல்லபராயர் சொல்வது நியாயம். அப்படியானால் மன்னர் தம் மண்ணைத் தாமே மிதித்திருக்கிறார். ஆணைப்படி மண்ணுக்கு உரியவருக்கு விதையும் ஏர்மாடும் கொடுத்தாக வேண்டும். வல்லபராயரே, மாடுகளை இங்கே ஓட்டி வாருங்கள். மன்னருக்கு ஒரு கலப்பை கொண்டு வாருங்கள். ராஜமாதா வழிபடும் மண்டபத்தை இடித்து அந்த வழியாக வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்புங்கள். மன்னர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளட்டும். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும்."

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வல்லபராயர் காது சிவந்தது. ஆனால் அவர் விடுவதாக இல்லை.

"சரி, அவர்கள் மண் என்றே இருக்கட்டும். மன்னர் கால் பட்டது கூடை மண்ணில். ஆகவே ஒரு கூடை மண்ணுக்கு எவ்வளவு விதை வேண்டுமோ, அவ்வளவு கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு சிட்டிகை."

இதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சாத்தையன் தாடையைத் தடவினான்.  வெயில் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"சென்ற பொங்கலுக்கு மன்னர் தங்களுக்கு மாலை அணிவித்தாரே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டான்.

"இருக்கிறது. எதற்கு?"

"மாலை பட்டது தங்கள் கழுத்தில் மட்டும்தான். மரியாதையும் கழுத்துக்கு மட்டும்தான் என்று எண்ணி, மிச்ச உடம்பை வாசலில் நிறுத்திவிட்டு வந்தா விருந்தில் உட்கார்ந்தீர்கள்? நான் பார்த்தபோது வயிறும் கூடவே இருந்தது."

மன்னர் சிரித்துவிட்டார். உட்கார்ந்து சிரிக்க இடம் தேடி, கிடைக்காமல், ஆவுடையாளின் கரிசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவையில் இருந்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மன்னர் எழுந்து, "களஞ்சியத்தைத் திற" என்றார். இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை.

களஞ்சியத்தின் முதல் குதிரின் மூடியை வல்லபராயரே திறந்தார். உள்ளே கை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். விரலிடுக்கில் பொடி கொட்டியது. கறுப்பு வண்டுகள் கும்பலாகக் கிளம்பின. எடுக்காமல் எடுக்காமல் காத்த தானியம் உள்ளேயே உளுத்துப் போயிருந்தது.

மன்னரின் முகம் மாறியது. "இவரைச் சிறையில் தள்ளுங்கள்" என்று சொல்ல வாயெடுத்ததைச் சாத்தையன் பார்த்துவிட்டான். வாயிலிருந்து வந்துவிட்டால் திரும்பாதே. அவன் குறுக்கே பாய்ந்தான்.

"மன்னா, பொறுங்கள். அவர் ஒரு மணிகூடத் திருடவில்லை. எது எந்த ஆண்டு விதை என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இப்போது அவர் இல்லாவிட்டால் நாம் ஒவ்வொரு குதிராகத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்போம், அங்கே நிலம் காய்ந்துவிடும்."

வல்லபராயர் அந்தப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பின் வேட்டியில் கையைத் துடைத்தார்.

"மேலண்டைக் குதிர்களைத் திறங்கள்" என்றார் கம்மிய குரலில். "அவை கடைசியாக நிரப்பியவை. வேப்பிலை போட்டு வைத்தது. அதில் சோளம். அடுத்ததில் நெல். சீக்கிரம், அந்தத் தாழ்ப்பாள் இறுகியிருக்கும், கல்லால் தட்டு." சொல்லச் சொல்ல அவர் குரல் வேகமாயிற்று. யார் நிலம் எவ்வளவு, அதற்கு எத்தனை மரக்கால் என்று அவரே கேட்டு அளந்தார். ஒவ்வொரு மூட்டையும் வெளியேறும்போது முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் கை நிற்கவில்லை.

மண் கொண்டுவந்த அதே வண்டிகள் விதை ஏற்றிக்கொண்டு கிளம்பின. அரண்மனைத் தொழுவத்து மாடுகள் ஊருக்கு இத்தனை என்று பிரிந்து போயின. போர் இல்லாமல் சும்மா இருந்த படைவீரர்கள் மண்வெட்டியோடு வாய்க்கால்களுக்குப் போனார்கள். ஆவுடையாள் தன் மூட்டையின்மேல் உட்கார்ந்து வண்டிக்காரனை விரட்டிக்கொண்டே போனாள். ஒரு வணக்கம் சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை.

மன்னர் மதிலின்மேல் ஏறி நின்று வண்டிகள் மறையும்வரை பார்த்தார்.

"ஈரம் காய்வதற்குள் எட்டிவிடுவார்களா, சாத்தையா?"

"தெரியாது, மன்னா. கரிசல்காரர்கள் எட்டிவிடலாம். மணற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு தூறல் வேண்டும்."

மன்னர் மதிலின்மேலேயே நடக்கத் தொடங்கினார்.

விதை போன மறுநாளே, கிரகம் விலகிவிட்டது என்று கணிதர் வந்து சொன்னார். மன்னர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் விலகினால் போதாது. நீங்களும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போங்கள்" என்றார். அதையும் அவர் மாற்றவில்லை.

ஆவணியில் மன்னர் தாமே ஊர்களுக்குப் போனார். ஆவுடையாளின் சோளம் முழங்கால் உயரம் நின்றது. மணற்பாங்கில் சில ஊர்களில் தூறல் தப்பிவிட்டது. அங்கே மறுபடியும் விதை அனுப்பினார்கள், அடுத்த மழைக்கு. எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டு ஒருவரும் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகவில்லை.

திரும்பி வந்ததும் மன்னர் அவை நடுவே சாத்தையனைக் கூப்பிட்டார். "என்ன வேண்டும், கேள்."

"மன்னா, இனி ஆணையிடுவதற்கு முன் தாங்கள் ஒரு பொழுதாவது பொறுத்து யோசிக்க வேண்டும்."

மன்னர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "அது என்னால் ஆகாது. வேறு கேள்."

"அப்படியானால் ஊருக்கு ஒரு விதைக் குதிர் கட்டிக் கொடுங்கள். ஊராரே நிரப்பட்டும், ஊராரே திறக்கட்டும். தாங்களும் நாங்களும் இங்கே வழக்காடி முடிக்கும்வரை மழை காத்திருக்காது."

"கொடுத்தேன்" என்றார் மன்னர் உடனே. "குதிர்களில் வண்டு விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை வல்லபராயருக்கு. ஊர் ஊராக நடக்கட்டும். சரி, அது நாட்டுக்கு. உனக்கு என்று ஒன்றுமே கேட்கவில்லையே. ஏரிக்குக் கீழே கடைமடையில் எனக்கொரு வயல் இருக்கிறது. ஏர்மாட்டோடு அதை உனக்குத் தந்தேன்."

சாத்தையன் மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொண்டான். அந்த ஆடி மாதத்தைத் தவிர்த்தால், அதுவரை அவன் கவலை என்றால் என்ன என்று அறியாதவன். அரண்மனைச் சாப்பாடு, மன்னரின் சிரிப்பு, அவ்வளவுதான் வாழ்க்கை. வயல் கைக்கு வந்த மாதத்திலேயே ஆள் மாறிப்போனான். சாப்பிடும்போது பாதியில் எழுந்து மேற்கே பார்ப்பான். தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று கேட்டு ஆள் அனுப்புவான். ஆள் திரும்பி வருவதற்குள் தானே கிளம்பிவிடுவான்.

ஒருநாள் அவை கூடியிருந்தது. மன்னர் நல்ல உற்சாகத்தில், அதிசயமாகச் சிம்மாசனத்திலேயே உட்கார்ந்திருந்தார். "சாத்தையா, ஒரு வேடிக்கை சொல்" என்றார்.

 சாத்தையன் சாளரத்தருகே நின்றுகொண்டிருந்தான். ஒரு தூணுக்கும் இன்னொரு தூணுக்குமாக நடந்தான், நின்றான், திரும்பவும் நடந்தான்.

"சாத்தையா."

"மன்னிக்க வேண்டும், மன்னா. மேற்கே மின்னுகிறது. என் வரப்பில் ஒரு உடைப்பு இருக்கிறது, இன்னும் அடைக்கவில்லை. நான் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, விடை பெறாமலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

அவையே திகைத்தது. மன்னர் மட்டும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடுங்கள், அவனுக்கு ஒரு மண்வெட்டி கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றார். சொன்ன கையோடு சிம்மாசனத்தைவிட்டு எழுந்து, தானும் சாளரத்துக்கு வந்து மேகத்தைப் பார்த்தார்.